டெபியன் 12: இன்டெல் + என்விடியா இரண்டும் இருந்தும் வீடியோ என்கோடிங் சிபியுவிலேயே ஓடுகிறது

#1 வெட்டுமேசை

வணக்கம் நண்பர்களே. ஐ5-8400, கூடவே ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, டெபியன் 12, அதோடு வரும் எஃப்எஃப்எம்பெக் 5.1 (வீடியோ மாற்றும் நிரல்). கல்யாண வீடியோ ஃபைல்கள்: 4கே, நொடிக்கு 25 பிரேம், ஹெச்.264. இதை ஹெச்இவிசி (ஹெச்.265) வடிவமா ஆக்கி வைக்கணும். சிபியுவில் எக்ஸ்265 என்கோடர் போட்டால் ஸ்பீடு 0.1 எக்ஸ் தான் காட்டுது, அதாவது படம் ஓடுற நேரத்தைப் போல பத்து மடங்கு ஆகுது. கார்டை வேலை வாங்கலாம்னு பார்த்தால், கார்டின் வீடியோ வசதிகளைப் பட்டியல் போடுற விஏஇன்ஃபோ கமாண்டு "என்விடியா_டிஆர்வி_வீடியோ" என்கிற ஃபைல் இல்லைன்னு சொல்லி மைனஸ் 1 பிழையோட நின்னுடுது. என்விடியா டிரைவர் போட்டாச்சு, மானிட்டர் அந்தக் கார்டில் தான் செருகியிருக்கு. எங்கே தப்பு?

#2 முனையவாசி

இதில் தப்பு என்று எதுவும் இல்லை. விஏஇன்ஃபோ கேட்பது விஏ-ஏபிஐ என்ற வீடியோ இடைமுகத்தை. அது இன்டெல், ஏஎம்டி கார்டுகளின் வழி. என்விடியாவின் என்கோடருக்கு வழி என்வென்க். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. திரை என்விடியாவில் ஓடுவதால் விஏஇன்ஃபோ அந்தக் கார்டுக்கு உரிய டிரைவரைத் தேடுகிறது. அது இல்லை, நின்றுவிடுகிறது. என்விடியாவுக்கு ஒரு விஏ-ஏபிஐ டிரைவர் தனியாகக் கிடைக்கும், ஆனால் அது டிகோடிங் (சுருக்கிய படத்தைப் பிரிப்பது) மட்டும்தான் செய்யும். என்கோடிங்குக்காக அதை நிறுவாதீர்கள்.

இன்டெல் பக்கத்தை முதலில் சரிபாருங்கள். /டெவ்/டிஆர்ஐ டைரக்டரிக்குள் என்ன இருக்கிறது? ரெண்டர்டி128, ரெண்டர்டி129 என இரண்டு இருந்தால் இரண்டு கார்டும் கர்னலுக்குத் தெரிகிறது. எது எந்தக் கார்டு என்பதை எண்ணை வைத்து ஊகிக்க வேண்டாம். அதற்குள்ளேயே பை-பாத் என்று ஒரு டைரக்டரி இருக்கும். அதில் வரும் பிசிஐ முகவரியை எல்எஸ்பிசிஐ காட்டும் முகவரியோடு ஒப்பிடுங்கள். 00:02.0 என்றால் இன்டெல்.

ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் என்விடியாவுடையது என்றால் சிக்கல் லினக்ஸில் இல்லை. தனிக் கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் உள்கார்டை அணைத்துவிடும். பயாஸில் ஐஜிபியு மல்டி-மானிட்டர் என்றோ அதை ஒத்த பெயரிலோ ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்குங்கள்.

பிறகு விஏஇன்ஃபோவுக்கு --டிஸ்ப்ளே டிஆர்எம் என்றும், --டிவைஸ் கொடுத்து இன்டெல்லின் ரெண்டர் பாதையையும் சொல்லி ஓட்டுங்கள். வருவதை அப்படியே இங்கே போடுங்கள்.

#3 வெட்டுமேசை

பயாஸில் தான் அணைஞ்சிருந்தது. இப்போ இரண்டும் தெரியுது. விஏஇன்ஃபோவும் ஓடுது. ஹெச்.264-க்கு "என்க்ஸ்லைஸ்எல்பி" வருது. ஆனா ஹெச்இவிசிக்கு எல்லா வரியிலும் "விஎல்டி" மட்டும்தான். அப்போ இந்த சிப்பால ஹெச்இவிசி என்கோடிங் முடியாதா?

#4 முனையவாசி

முடியும். விஎல்டி என்றால் டிகோடிங், என்க்ஸ்லைஸ் என்றால் என்கோடிங், எல்பி என்பது லோ பவர். உங்களிடம் இருப்பது ஐஹெச்டி டிரைவரின் கட்டற்ற பதிப்பு. இன்டெல் ஒன்பதாம் தலைமுறைக் கிராஃபிக்ஸில் ஹெச்இவிசி என்கோடிங்குக்கு மூடிய ஷேடர் நிரல்கள் வேண்டும். கட்டற்ற பொதியில் அவற்றை எடுத்துவிடுகிறார்கள். சிப்பில் வசதி இருந்தும் பட்டியலில் வராததற்குக் காரணம் இதுதான்.

ஏபிடி மூலப் பட்டியலில் நான்-ஃப்ரீ பகுதியைச் சேருங்கள். டெபியன் 12 முதல் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் தனிப் பகுதி ஆகிவிட்டது, அது மட்டும் இருந்தால் இந்தப் பொதி கிடைக்காது. பிறகு இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர்-நான்-ஃப்ரீ பொதியை நிறுவுங்கள், பழையது தானாக விலகும். மறுபடி விஏஇன்ஃபோ ஓட்டினால் ஹெச்இவிசி மெயின், மெயின்10 இரண்டுக்கும் என்க்ஸ்லைஸ் வரவேண்டும்.

அப்படியும் வராவிட்டால் எந்த டிரைவர் ஏறியது என்று மேல் வரிகளைப் பாருங்கள். ஐ965 என்று இருந்தால் பழைய டிரைவர் குறுக்கே நிற்கிறது. லிப்விஏ_டிரைவர்_நேம் என்ற சூழல் மாறிக்கு ஐஹெச்டி என்று மதிப்புக் கொடுத்துப் பாருங்கள்.

#5 பச்சைக்கார்டு

ஜிடிஎக்ஸ் 1650 கையில இருக்கும்போது என்வென்க்கையும் பாருங்க. ரெண்டு விஷயம் முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.

ஒண்ணு, லிப்என்விடியா-என்கோட்1 பொதி தனியா நிறுவணும். டெபியன்ல டிரைவர் போட்டாலே இது வந்துடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, சில நேரம் வராது. அப்போ எஃப்எஃப்எம்பெக் "லிப்என்விடியா-என்கோட் ஏற்ற முடியல"ன்னு சொல்லும். கார்டே சரியில்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. என்விடியா-எஸ்எம்ஐ கமாண்டே டிரைவரோட பேச முடியலன்னு சொன்னா அது வேற கதை, பெரும்பாலும் செக்யூர் பூட். கர்னல் மாட்யூல் கையெழுத்து இல்லாததால ஏறாது. மோக்யூடில் கமாண்டு வச்சு சாவியைப் பதிஞ்சு, மறுபடி பூட் ஆகும்போது வர்ற நீலத் திரையில அதை ஒத்துக்கணும். அந்தத் திரையைத் தாண்டி விட்டுட்டா முதல்லேர்ந்து தொடங்கணும்.

ரெண்டாவது, 1650 டூரிங் தலைமுறைக் கார்டா இருந்தாலும் முதல்ல வந்த 1650-ல இருக்குறது அதுக்கு முந்தின வோல்ட்டா தலைமுறை என்கோடர். ஹெச்இவிசில பி-பிரேம் (முன்னும் பின்னும் உள்ள பிரேம்களைப் பார்த்துச் சுருக்குற பிரேம்) வராது. டூரிங்கோட புது என்கோடர் 1650 சூப்பர்ல தான். அதனால நெட்ல கிடைக்கிற கமாண்டை அப்படியே ஒட்டினா, பி-பிரேம் 3 கேக்குறீங்க, அதிகபட்சம் 0-ன்னு பிழை வரும். -பிஎஃப் 0 போட்டுட்டா ஓடும்.

#6 வெட்டுமேசை

நன்றி, இரண்டும் ஓடுது. ஆனா படம் சகிக்கலை. என்வென்க்கில் -சிஆர்எஃப் 20 கொடுத்தேன். பட்டுப் புடவை ஜரிகை முழுக்கக் கட்டம் கட்டமா உடையுது, ஹோமப் புகை வர்ற இடமெல்லாம் பாசி படிஞ்ச மாதிரி இருக்கு. ஃபைலும் ரொம்பச் சின்னதா வருது. என்வென்க் தரமே இவ்வளவுதானா?

#7 பச்சைக்கார்டு

இல்லவே இல்ல. டெர்மினல்ல மேல போய்ப் பாருங்க, சிஆர்எஃப் எந்த ஸ்ட்ரீமுக்கும் பயன்படலன்னு ஒரு மஞ்சள் வரி இருக்கும். சிஆர்எஃப்ங்கறது தர அளவைச் சொல்ல எக்ஸ்264, எக்ஸ்265 வச்சிருக்குற சொந்தச் சொல். என்வென்க்குக்கு அது தெரியாது, ஒதுக்கிட்டு ஓடிடும். அப்புறம் பிட்ரேட் எதுவும் சொல்லாததால நொடிக்கு 2 மெகாபிட்னு இருக்குற இயல்பு மதிப்பை எடுத்துக்கும். 4கே படத்துக்கு 2 மெகாபிட்னா ஜரிகை எப்படித் தாங்கும்?

இப்படி மாத்துங்க: -சி:வி ஹெச்இவிசி_என்வென்க், -பிரீசெட் பி6, -டியூன் ஹெச்க்யூ, -ஆர்சி விபிஆர், -சிக்யூ 24, -பி:வி 0, -பிஎஃப் 0. இதுல தர அளவைச் சொல்றது -சிக்யூ. -பி:வி 0 போட்டா அந்த 2 மெகாபிட் இயல்பு மதிப்பு குறுக்கே வராது. புகை, இருட்டு மண்டபச் சுவர் மாதிரி மெல்லிய நிறமாற்றம் இருக்குற இடத்துக்கு -ஸ்பேஷியல்-ஏக்யூ 1 சேருங்க. -ஆர்சி-லுக்அஹெட் 20-ம் உதவும், கார்டு மெமரி கொஞ்சம் கூடுதலா எடுக்கும்.

பிரீசெட் பி1-லேர்ந்து பி7 வரை. எண் ஏற ஏற வேகம் குறையும், தரம் கூடும். பி7 வரைக்கும் போறதுல இந்தக் கார்டுக்குப் பெரிய லாபம் இல்ல.

#8 முனையவாசி

இன்டெல்லிலும் இதே பொறி உண்டு. விஏ-ஏபிஐ என்கோடரும் சிஆர்எஃப்பை அறியாது. உங்கள் சிப்பில் -ஆர்சி_மோட் ஐசிக்யூ, -குளோபல்_குவாலிட்டி 22 என்று தொடங்குங்கள். எண் குறைந்தால் தரம் கூடும்.

லோ பவர் முறையை யாராவது பரிந்துரைத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் பிட்ரேட்டைக் கட்டுப்படுத்துவது ஹக் என்ற ஃபர்ம்வேர். அது ஏறவில்லை என்றால் டிரைவர் சிக்யூபி என்ற, பிட்ரேட்டைக் கட்டுப்படுத்தாத முறையை மட்டும் தரும். விபிஆர் (காட்சிக்கேற்ப மாறும் பிட்ரேட்) கேட்டால் "பொருந்தும் ஆர்சி முறை இல்லை, இருப்பது சிக்யூபி" என்று பிழை வரும். ஏற்ற வேண்டுமானால் ஃபர்ம்வேர்-மிஸ்க்-நான்ஃப்ரீ பொதியை நிறுவி, கிரப் கர்னல் வரியில் ஐ915.எனேபிள்_கக்=2 சேர்த்து, அப்டேட்-கிரப், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் இரண்டையும் ஓட்டி, மறுபடி பூட் செய்யுங்கள். டிமெஸ்ஜியில் ஹக் என்று தேடினால் ஏறியதா எனத் தெரியும். உங்கள் 8400-க்கு இது கட்டாயம் இல்லை, சாதாரண என்க்ஸ்லைஸ் போதும். ஜாஸ்பர் லேக் போன்ற சிறு சிப் வைத்திருப்பவர்களுக்கு லோ பவர் மட்டுமே வழி, அவர்கள் இதைச் செய்தே ஆகவேண்டும். என்100-ல் கர்னல் தானாகவே ஏற்றிவிடும்.

#9 வெட்டுமேசை

ஜரிகை இப்போ கச்சிதமா வருது. அடுத்த சிக்கல் வேகம். -ஹெச்டபிள்யூஆக்செல் குடா கொடுத்தும் ஆறு கோரும் 100 சதவீதத்தில் நிக்குது. கார்டு பாதி நேரம் சும்மா இருக்கு.

#10 முனையவாசி

எஃப்எஃப்புரோப் ஓட்டி பிக்செல் வடிவம் என்ன என்று பாருங்கள்.

#11 வெட்டுமேசை

"ஒய்யுவி422பி10எல்ஈ".

#12 முனையவாசி

அதுதான் காரணம். கேமரா 4:2:2 (நிறத் தகவல் கூடுதலாக உள்ள வடிவம்), 10 பிட்டில் பதிவு செய்திருக்கிறது. ஹெச்.264-ல் இந்த வடிவத்தை உங்கள் இரண்டு கார்டுகளின் டிகோடரும் தொடாது. என்விடியா இதை ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தது. எஃப்எஃப்எம்பெக் என்ன செய்யும்? வன்பொருள் டிகோடர் அமையவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, நிற்காமல் சிபியு டிகோடிங்குக்கு மாறிவிடும். கமாண்டில் ஹெச்டபிள்யூஆக்செல் இருப்பதால் கார்டுதான் டிகோட் செய்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

எங்கே நெரிசல் என்பதைத் தனித்தனியாக அளக்கலாம். முதலில் டிகோடிங் மட்டும்: உள்ளீட்டைக் கொடுத்து, வெளியீடாக -எஃப் நல் மைனஸ் போடுங்கள், ஸ்பீடு என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து என்கோடிங் மட்டும்: லாவ்ஃபை வழியாக டெஸ்ட்எஸ்ஆர்சி2 என்ற சோதனைப் படத்தை 4கே அளவில் உருவாக்கி கார்டுக்கு அனுப்புங்கள். சோதனைப் படம் வரைவதற்கே சிபியு கொஞ்சம் ஆகும், அதனால் இந்த எண்ணைத் தோராயமாகத்தான் எடுக்கவேண்டும். கார்டின் உண்மையான நிலை பக்கத்து டெர்மினலில் தெரியும்: என்விடியாவுக்கு என்விடியா-எஸ்எம்ஐ டிமான் -எஸ் யு, அதில் என்க், டெக் என்ற பத்திகள். இன்டெல்லுக்கு சூடோவோடு இன்டெல்_ஜிபியு_டாப், அதில் வீடியோ என்ற வரி. டெக் பத்தி 0-வாகவே நின்றால் டிகோடிங் சிபியுவில் நடக்கிறது.

#13 வெட்டுமேசை

டிகோடிங் மட்டும் 1.6 எக்ஸ். டெக் பத்தி 0 தான். அப்போ கார்டை மாத்தாம வழியே இல்லையா?

#14 பச்சைக்கார்டு

கார்டை மாத்தவேண்டாம், டிகோடிங்கை ஒரே தடவையில முடிங்க. பத்திரமா வைக்க ஹெச்இவிசி ஒண்ணு, வீட்டுக்காரங்க ஃபோன்ல பார்க்க 1080-ல ஹெச்.264 ஒண்ணு, ரெண்டும் வேணும்தானே? தனித்தனியா ஓட்டினா அதே ஃபைலை சிபியு ரெண்டு முறை பிரிக்கும். ஃபில்டர்_காம்ப்ளெக்ஸ்ல ஸ்ப்ளிட் போட்டு, ஒரு கிளையை 10 பிட் பி010எல்ஈ வடிவத்துக்கு மாத்தி ஹெச்இவிசி மெயின்10-க்கும், இன்னொண்ணை சின்னதாக்கி 8 பிட் என்வி12-க்கு மாத்தி ஹெச்.264-க்கும் விடுங்க. ஒரே கமாண்டு, ரெண்டு வெளியீடு. என்கோடர் ரெண்டையும் தாங்கும்.

ஹெச்.264 கிளைக்கு 8 பிட் ஆக்குறதை மறக்காதீங்க. உங்க கார்டோட ஹெச்.264 என்கோடர் 10 பிட் வாங்காது, வடிவத்தை மாத்தாம விட்டா நேரா பிழைதான். ஆப்பிள் ஃபோனுக்கு ஹெச்இவிசி போகுதுன்னா -டேக்:வி ஹெச்விசி1 சேர்க்கணும், இல்லன்னா ஃபைல் நல்லா இருந்தும் திறக்காது.

செஷன் வரம்பு பத்தியும் சொல்லிடறேன். சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கு ஒரே நேரத்துல எத்தனை என்கோடிங்னு டிரைவர் ஒரு வரம்பு வச்சிருக்கு. 2023-க்கு முன்னாடி 3, 2023-ல 5 ஆச்சு, 2024-ல 8 ஆச்சு. பழைய டிரைவர்ல நாலாவது ஃபைலைத் தொடங்கினா "அவுட் ஆஃப் மெமரி"ன்னு பிழை வரும். கார்டு மெமரி காலியா இருக்கும்போதே இந்தப் பிழை வந்தா காரணம் இந்த வரம்புதான்.

#15 சிவப்புச்சிப்பு

ஏஎம்டி கார்டு வைத்து இந்த இழைக்கு வருபவர்களுக்காக. டெபியன், உபுண்டுவில் மேசா என்ற கட்டற்ற கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பின் மேசா-விஏ-டிரைவர்ஸ் பொதி போதும், தனி டிரைவர் தேவையில்லை. ஃபெடோராவில் 37-ஆம் பதிப்பிலிருந்து காப்புரிமைக் காரணத்தால் ஹெச்.264, ஹெச்இவிசி இரண்டையும் மேசாவில் அணைத்துவிட்டார்கள். ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தைச் சேர்த்து, டிஎன்எஃப் ஸ்வாப் கமாண்டால் ஃப்ரீவேர்ல்டு பதிப்புக்கு மாற வேண்டும். எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீயையும் முழு எஃப்எஃப்எம்பெக்காக மாற்றுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோ என்கோடரே கிடையாது. விலை குறைவு என்று எடுத்துவிட்டு டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என்விடியாவில் ஜிடி 1030-க்கும் இதே நிலைதான். என்கோடர் என்பது கார்டுக்குள் இருக்கும் தனிப் பகுதி. கேம் ஆடும் கோர்கள் எத்தனை இருந்தாலும் அது இல்லாவிட்டால் இல்லை.

#16 வெட்டுமேசை

இரண்டு வெளியீடும் ஒரே ஓட்டத்தில் வருது, அருமை. ராத்திரி தானா ஓடட்டும்னு இன்டெல் கமாண்டை, குறித்த நேரத்தில் கமாண்டு ஓட்டுற கிரானில் போட்டேன். டெஸ்க்டாப்பில் ஓடுற அதே கமாண்டு, கிரானில் "அனுமதி இல்லை"ன்னு நிக்குது. ஒரே யூசர் தான்.

#17 முனையவாசி

டெஸ்க்டாப்பில் உள்நுழையும்போது அந்த ரெண்டர் ஃபைலுக்கு சிஸ்டம்டி உங்களுக்கென்று தற்காலிக அனுமதி தருகிறது. எல்எஸ் -எல் போட்டால் அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரியும், அது இதுதான். கிரானுக்கும் எஸ்எஸ்ஹெச்சுக்கும் அது கிடைக்காது. யூசர்மாட் -ஏஜி ரெண்டர் கொடுத்து, முழுதாக வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். டெர்மினலை மூடித் திறப்பது போதாது.

டாக்கருக்குள் ஓட்டுபவர்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வரும். /டெவ்/டிஆர்ஐயைக் கொடுத்துவிட்டு ரெண்டர் குழுவைப் பெயரால் சேர்த்தால், கன்டெய்னருக்குள் அதே பெயருக்கு வேறு எண் இருக்கலாம். வெளியே ஸ்டாட் கமாண்டு காட்டும் குழு எண்ணையே கொடுங்கள். என்விடியாவில் கன்டெய்னர் டூல்கிட் நிறுவியும் என்வென்க் மட்டும் வரவில்லை என்றால், டிரைவர் கேப்பபிலிட்டீஸ் மாறியில் வீடியோ என்ற சொல் விட்டுப்போயிருக்கும். இயல்பாகக் கம்ப்யூட், யூட்டிலிட்டி மட்டும்தான் உள்ளே போகும்.

#18 வெட்டுமேசை

சரியாச்சு. கடைசியா ஒண்ணு. தாலி கட்டுற பகுதிக்கும் பாட்டுகளுக்கும் தமிழ் வரிகளைப் படத்திலேயே பதிக்கணும். சப்டைட்டில்ஸ் ஃபில்டர் சேர்த்ததும் இன்டெல் கமாண்டு "வடிவங்களுக்கிடையே மாற்ற இயலாது"ன்னு நிக்குது.

#19 எழுத்துரு

சப்டைட்டில்ஸ் ஃபில்டர் சிபியுவில் வேலை செய்வது. பிரேம் கார்டின் மெமரியில் இருக்கும்போது அதன்மேல் எழுத்தை வரைய அதற்குக் கை எட்டாது. உங்கள் மூலம் எப்படியும் சிபியுவில்தான் டிகோட் ஆகிறது, ஆகவே ஹெச்டபிள்யூஆக்செல், ஹெச்டபிள்யூஆக்செல்_அவுட்புட்_ஃபார்மட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஃபில்டர் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சப்டைட்டில்ஸ், அடுத்து ஃபார்மட்=பி010, கடைசியில் ஹெச்டபிள்யூஅப்லோடு. என்வென்க்குக்கு இந்த அப்லோடு தேவையில்லை, சாதாரண மெமரியிலிருந்து அதுவே வாங்கிக்கொள்ளும்.

தமிழுக்கென்று கவனிக்க வேண்டியவை உள்ளன. எழுத்தைச் சேர்த்து வரைவது லிப்ஆஸ். அதற்குள் எழுத்துகளைச் சரியான இடத்தில் அமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் இருந்தால்தான் "கொ", "கெ" போன்றவற்றில் ஒற்றைக்கொம்பு முன்னால் வந்து நிற்கும். டெபியன் பொதியில் அது இருக்கிறது. வேறெங்கிருந்தோ இறக்கிய எஃப்எஃப்எம்பெக் என்றால் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டி, "கொண்டு", "கௌரி" ஆகிய சொற்களைக் கண்ணால் பார்த்துவிட்டு முழு ஃபைலைத் தொடங்குங்கள்.

ஃபோர்ஸ்_ஸ்டைல் வழியாக ஃபான்ட்நேம்=நோட்டோ சான்ஸ் தமிழ் என்று பெயரைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கணினியில் அகப்படும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுக்கும், அடுத்த கணினியில் வேறு முகம் வரும். எதை எடுத்தது என்பது டெர்மினலில் ஃபான்ட்செலக்ட் என்று தொடங்கும் வரியில் இருக்கும்.

வரிகள் பழைய ஃபைலில் இருந்து வருகின்றனவா? டிஸ்கியில் (யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீடு) இருந்தால் ஐகான்வ் கமாண்டே யூனிகோடுக்கு மாற்றிவிடும், ஜிலிப்சியில் டிஸ்கி உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டியது என்றால் மாற்றாது. பாமினி ஃபைல் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும், அதனால் தனி மாற்றி வேண்டும்.

#20 பச்சைக்கார்டு

வரி பதிச்ச பிரதியை மட்டும் வச்சுக்கிட்டு மூலத்தை அழிச்சுடாதீங்க. கார்டு என்கோடர் வேகத்துக்குத்தான். அதே ஃபைல் அளவுல எக்ஸ்265 ஸ்லோ தர்ற நுணுக்கத்தை இந்தத் தலைமுறைக் கார்டு தராது. நாளைக்கு அந்த வீட்டுல ஆல்பத்துக்குத் தாலி கட்டுற காட்சியை மறுபடி வெட்டணும்னு வந்தா, 4:2:2 மூலம்தான் நிறத்தைத் திருத்த இடம் கொடுக்கும்.

#21 வெட்டுமேசை

மூலம் தனி டிஸ்கில் இருக்கு, அழிக்கலை. "கொண்டு", "கௌரி" இரண்டும் சரியா வருது. நோட்டோ எழுத்து 4கே-வில் பார்க்க நல்லா இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் சஸ்பெண்ட் ஆகி எழுந்தால் என்வென்க் கமாண்டு குடா பிழையோட நிக்குது, ரீபூட் பண்ணினால் தான் சரியாகுது.

#22 பச்சைக்கார்டு

ரீபூட் வேண்டாம். குடா பயன்படுத்துற நிரல் எல்லாத்தையும் மூடிட்டு, ஆர்எம்மாட் என்விடியா_யுவிஎம், அப்புறம் மோட்புரோப் என்விடியா_யுவிஎம். டெபியன்ல மாட்யூல் பெயர் என்விடியா-கரன்ட்-யுவிஎம்னும் இருக்கலாம், எல்எஸ்மாட் பார்த்துட்டுப் போடுங்க. ராத்திரி கிரான் ஓடுற நாள்ல சிஸ்டம்டி-இன்ஹிபிட்டுக்குள்ள கமாண்டைப் போட்டுட்டா, வேலை முடியுற வரைக்கும் தூங்கவே போகாது.